அக்கா கேட்ட மருந்து

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பாண்டி பஸ்கள் நிற்கிற பக்கத்து டீக்கடை பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்த டீ குடிக்காமல் ஆடை கட்டிப் போயிருந்தது.

அவள் தனியாக அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் முறை. எங்கள் ஊர் கண்டாச்சிபுரத்துக்குப் பக்கம். அங்கிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறித் திண்டிவனம் வர வேண்டும். வருகிறேன் என்று சொல்லவில்லை. இறங்கிய பிறகுதான் போன் செய்தாள்.

"ஏய், நான் திண்டிவனத்துல நிக்கிறேன். எந்தப் பக்கம் வரணும்?"

யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் ஊரில் உள்ள கிழவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் சாகடித்துப் பார்த்தேன்.

"யாருக்கு என்னாச்சுக்கா?"

"யாருக்கும் ஒன்னும் ஆவல. ஒக்காரு. இன்னா இப்பிடி எளச்சிப் போயிட்ட? எலிக்குப் போடறதுல கொஞ்சம் நீயும் துன்றதுதான?"

பையிலிருந்து அவித்த மல்லாட்டையை, எங்கள் ஊர் வேர்க்கடலையை, எடுத்து என் கையில் திணித்தாள். கேப்பை மாவுப் பொட்டலத்தை எடுத்து பெஞ்சில் வைத்தாள். அடியில் துணி சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. இருமல் டானிக் பாட்டில். காலி. லேபிளைச் சுரண்டி எடுத்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தாள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. ஒரு வாசனையும் வராது."

"எதுக்குக்கா இது?"

அக்கா சுற்றிலும் பார்த்தாள். டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நீ எலிக்குக் குடுக்கிற மருந்து இருக்கில்ல, குடிய நிறுத்தறது. அத இதுல கொஞ்சம் ஊத்திக் குடு. மாமாவுக்கு."

பகலில் இருட்டு

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற சாலையில் ஒரு கல்லூரியில் நான் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். நிமிரட்டும்.

என் வேலை எலிகளோடு. வயல் எலிகள் இல்லை. வெள்ளை எலிகள், சிவப்புக் கண். வாலில் மார்க்கரால் கோடு போட்டிருப்போம், ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்து அறிய.

எலி இருட்டில்தான் விழித்திருக்கும். சாப்பிடும், குடிக்கும், அலையும். அதற்காக நாங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் அந்த அறையில் பொழுதையே மாற்றி வைத்திருக்கிறோம். பகலெல்லாம் இருட்டு, இரவெல்லாம் விளக்கு. பகலில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். அந்தச் சிவப்பு எலிகளின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியும். பாண்டி சாலையில் வெயில் கொளுத்துகிற நேரத்தில் நான் உள்ளே அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

பேச ஆள் கிடையாது. பேசவும் கூடாது, சத்தம் எலிகளைக் கலைக்கும். ஒருநாள் வெளியே வந்து கேன்டீனில் டீ கேட்டபோது குரல் உடைந்து வந்தது. காலையிலிருந்து நான் சொன்ன முதல் வார்த்தை அந்த டீதான்.

ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில் தொங்கும். ஒன்றில் தண்ணீர். ஒன்றில் சாராயம் கலந்த தண்ணீர். எது வேண்டுமோ எலியே எடுத்துக்கொள்ளலாம். சில எலிகளுக்கு எப்போதும் வலது பக்கம்தான் பிடிக்கும், அதனால் தினமும் பாட்டில்களை இடம் மாற்றுவோம். வைக்கும்போது ஒரு எடை, எடுக்கும்போது ஒரு எடை. குறைந்தது எவ்வளவோ அதுதான் குடித்தது.

பாட்டில் தானாகவும் சொட்டும். அதைக் கழிப்பதற்காக, எலியே இல்லாத கூண்டு ஒன்றிலும் இரண்டு பாட்டிலைத் தொங்கவிடுவோம். முதல் மாதங்களில் அந்தக் கூண்டுக்கு முன்னால் போகும்போது எனக்கு என்னவோ போலிருக்கும். பிறகு பழகிவிட்டது.

எலிக்குச் சாராயம் பிடிக்காது என்பதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும். சர்க்கரை போட்டுக் கொடுப்போம். கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வருவோம். சர்க்கரை முழுதாக நின்ற பிறகும் சில எலிகள் அந்தப் பாட்டிலையே தேடி வரும். எல்லா எலியும் இல்லை, சில. ஏன் சில மட்டும் என்று கேட்டால், அதற்காகத்தான் உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சும்மா இரு

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு 'கிளம்பு' என்று சொல்லும். 'சும்மா இரு' என்றும் சொல்லும். இரண்டாவது சொல் இல்லாவிட்டால் வலிப்பு வந்துவிடும். நாம் தூங்குவதும், பயம் அடங்குவதும், கை நடுங்காமல் ஊசியில் நூல் கோப்பதும் அந்த 'சும்மா இரு'வால்தான்.

மது அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல வைக்கிறது. அதனால்தான் முதல் கிளாஸில் கூச்சம் போகிறது, பிறகு நாக்கு குழறுகிறது, பிறகு கால் போகிறது. அதே 'சும்மா இரு'வை வேறு கதவு வழியாகப் போய்த் தட்டுகிற மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கொடுத்தால் விலங்குகள் குடிப்பது குறைகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சிலவற்றைக் கொடுத்தால் கூடுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கதவு, மூளையின் எந்த மூலை, எவ்வளவு மருந்து என்பதைப் பொறுத்தது.

அப்படி ஒரு மருந்தோடுதான் என் வேலை. பெயரை எழுதப் போவதில்லை. தசை இறுக்கத்துக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற சாதாரண மாத்திரைதான். எழுதினால் யாராவது மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நிற்பார்கள். நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் தொகுதி எலிகளுக்கு மருந்து கொடுத்ததும் சாராயப் பாட்டில் எடை குறையவே இல்லை. நான் இரண்டு முறை தராசைச் சரிபார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து கத்தினேன்.

"அம்மா, மருந்து குடுத்தா எலி சாராயத்தத் தொடலம்மா!"

"அப்பிடியா கண்ணு," என்றாள் அம்மா. "சாப்ட்டியா?"

நூறு நாள் வேலையில் பரவிய சேதி

அம்மா அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போனவள், மண் கொட்டுகிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். 'எம்பொண்ணு குடிய நிறுத்தற மருந்து கண்டுபுடிச்சிட்டா.'

அதற்குப் பிறகு என் போன் அடங்கவில்லை. நம்பரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஆள் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "டாக்டரம்மாங்களா? ஒரு டவுட்டுங்க. எலிக்கு இன்னா சரக்குங்க ஊத்துறீங்க?"

"வெறும் ஸ்பிரிட்டுங்க. தண்ணில கலந்து."

"அய்யய்யே, பாவம். சைடு டிஷ்ஷு?"

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன்.

இன்னொரு முறை ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. "அதுக்கு வாசனை வருமா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள். அந்தக் குரலை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்குப் போனால் அப்பா வேலை செய்கிற நிலத்துக்காரர் என்னைப் பார்த்து "என்னம்மா, எப்ப வந்த?" என்று நின்று கேட்பார். அப்பாவை இன்னும் 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறார். ஒரே நிமிடத்தில் இரண்டையும் அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பார். ஊரில் நான் டாக்டரம்மா. இல்லை, இது வேறு டாக்டர், ஊசி போட மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊர் கேட்கவில்லை. ஒருகட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் பெயர் எனக்கும் பிடித்திருந்தது.

டிரங்குப் பெட்டி

அக்கா வீட்டுக்காரரான மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பாதிதான் தெரிந்துகொள்வீர்கள்.

அக்கா மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போய்விட்டாள். நான் விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது என்னைக் கொண்டுபோய் விட வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆபீஸில் என்ன கேட்பார்களோ, எங்கே நிற்கச் சொல்வார்களோ என்று பயம். மாமாதான் வந்தார். கொத்தனார் வேலை அவருக்கு. அன்று வேலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிவரை என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆட்டோ வைக்கலாம் என்றேன். "நான் தலையில செங்கல்லு தூக்கறவன். ஒம்புஸ்தகம் இன்னா செங்கல்ல விடவா கனம்?" என்றார்.

விடுதி வாசலில் வாட்ச்மேன், நீங்கள் யார் என்று கேட்டதற்கு, "பொண்ணுக்கு அப்பா மாதிரி" என்றார். அன்று அவர் குடிக்கவில்லை.

குடித்த மாமா வேறு ஆள். பாத்திரம் பறக்கும். அக்கா மேல் கை விழும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல் சட்டியையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்.

ஒரு பௌர்ணமிக்கு அக்கா அவரைத் திருவக்கரைக்கு அழைத்துப் போனாள். நானும் போயிருந்தேன். வக்கிரகாளி முன்னால் கற்பூரத்தை அணைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கல்மரங்களைப் பார்க்கப் போனோம். மரம் எப்படிக் கல்லாகும் என்று அக்கா மகள் கேட்டாள். பாடத்தில் படித்ததை நான் விளக்கினேன். மாமா ஒரு கல்மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மரமே கல்லா மாறிப்புட்டுது. நான் மனுஷன், மாற மாட்டனா?"

அக்கா அன்று சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த பௌர்ணமிவரைகூடச் சத்தியம் தாங்கவில்லை.

மூன்றாவது பாட்டில்

எங்கள் கைடு மேடம் அதிகம் பேசாதவர். முதல் தொகுதி முடிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுங்க சாராயத்த வேண்டாம்னு சொல்லுதா, இல்ல எல்லாத்தையுமே வேண்டாம்னு சொல்லுதா?"

அதனால் மூன்றாவது பாட்டில் வந்தது. சர்க்கரைத் தண்ணீர். எலிக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. முட்டி மோதிக்கொண்டு வரும். மருந்து கொடுத்துவிட்டுச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்தேன்.

அன்று எந்த எலியும் சர்க்கரைக்கும் வரவில்லை. மூலையில் சுருண்டுவிட்டன. ஒன்று பாட்டிலை நோக்கி நடந்து வந்து, பாதி வழியில் படுத்துக்கொண்டது. இன்னொன்று மருந்துக்கு முன்னாலேயே சாராயத்தை நிறையக் குடித்திருந்தது. அது தூங்கின தூக்கத்தைப் பார்த்துப் பயந்து, கூண்டைத் திறந்து அதன் விலாவில் விரல் வைத்தேன். மூச்சு வந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, இனி வராதோ என்று நினைக்கிற அளவுக்கு இடைவெளி. சாராயமும் மருந்தும் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன. சும்மா இரு, சும்மா இரு. மூச்சுக்கும் அது கேட்டுவிடும். சாயங்காலம்தான் அது தலையைத் தூக்கியது. அதுவரை நான் சாப்பிடவில்லை.

மருந்தைக் குறைத்துப் பார்த்தோம். எலிகள் விழித்திருந்தன. சாராயத்தையும் முன்போலவே குடித்தன.

மேடத்திடம் போய்ச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் ரிசல்ட்தாம்மா. இதையும் எழுதணும்" என்றார். வேறு இடங்களில், வேறு விதமாகச் செய்தவர்களுக்கு நல்ல முடிவு வந்திருக்கிறது. எங்களுக்கு வந்தது இது. எழுதினேன்.

இதை நான் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லவில்லை. எலி தூங்கிவிட்டது என்பதை எப்படிக் கத்திச் சொல்வது?

டீக்கடை பெஞ்சில்

"இன்னாடி யோசிக்கிற?" என்றாள் அக்கா. "கொஞ்சமா போதும். கொழம்புல ஊத்திடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

"சொல்லாம குடுக்கக் கூடாதுக்கா. தப்பு."

"எலிக்குச் சொல்லிட்டுதான் குடுக்கிறீங்களா?"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மாமா எலி இல்லக்கா."

"எலியா இருந்தா பரவால்லியே. கூண்டுல கெடக்கும். நம்ம மேல வந்து வுழாது."

அப்போதுதான் கவனித்தேன், இடது கையில் வளையல் ஒன்றுகூட இல்லை. வலது கையில் இருந்தன. இடது மணிக்கட்டில் கண்ணாடி கீறிய கோடுகள்.

"அக்கா, அம்மா சொன்ன மாதிரி இல்ல அந்த மருந்து. எலிங்க குடிய வெறுக்கல. எல்லாத்தையும் வுட்டுட்டுத் தூங்கிச்சிங்க, அவ்ளோதான். மருந்து சரியா வேலை செய்யல."

அக்கா அதை யோசித்தாள். "செஞ்சி, செஞ்சி, செஞ்சி" என்று ஒரு கண்டக்டர் கத்திக்கொண்டு போனார்.

"தூங்குனா போதும்டி," என்றாள்.

"அக்கா…"

"நான் இன்னா, அவரு திருந்தணும்னா கேக்கறேன்? அதெல்லாம் கேட்டு முடிச்சிட்டேன். வூட்டுக்கு வந்தா துன்னுட்டுத் தூங்கணும், அவ்ளோதான். புள்ளைக்குப் பத்தாவது. பொழுது சாஞ்சா புஸ்தகத்தத் தூக்கிக்கினு பக்கத்து வூட்டுக்கு ஓடுறா. அங்க டிவி ஓடிக்கினே இருக்குது. சத்தத்தக் கொறைங்கன்னு சொல்ல முடியுமா? அவங்க வூடு. இந்தப் பரீச்ச முடியற வரைக்கும் அவரு தூங்கட்டும். அப்பறம் எப்பிடியோ போவட்டும்."

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தூக்கம்தான் எங்களுக்கு இடைஞ்சல். அக்காவுக்கு வேண்டியது அதுவேதான்.

"குடிச்சிட்டு இருக்கிறவருக்கு அதக் குடுத்தா மூச்சு நின்னு போயிடும்க்கா. ரெண்டும் சேர்ந்து அமுக்கிடும். அப்பறம் எழுப்ப முடியாது."

"எலிக்கு நின்னுதா?"

"நிக்கல. நிக்கப் பாத்துது."

"நிக்கல இல்ல?"

அவள் என்னைப் பார்க்காமல் பஸ்களைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைப் பிறகு தூங்கவிடாமல் செய்தது.

"விழுப்புரம் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. மாமாவ அங்க கூட்டிக்கினு வா. நானும் வர்றேன்."

"நான் கூப்ட்டு அவரு வந்துட்டாலும்!"

"அப்போ புள்ளைய எங்கிட்ட அனுப்பு. பரீச்ச வரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

"ஸ்கூலு அங்க, நீ இங்க. தெனம் பறந்து போவாளா?" என்றவள், பையின் காதைத் திருகிக்கொண்டே, "அவளும் வந்துட்டா அந்த வூட்ல நான் யாருகூட இருக்கறது?" என்றாள்.

என் அறையில் ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு. நான் யாருகூட இருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்றும் அப்போது நான் நினைக்கவில்லை.

கடைசியாக, "சரி, மருந்து வேணாம். பேராச்சும் சொல்லு. கடைல கேட்டுக்கறேன்" என்றாள். முடியாது என்றேன். திரும்பக் கேட்டாள். திரும்பச் சொன்னேன். பாட்டிலை மறுபடி துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். மாவையும் மல்லாட்டையையும் என்னிடமே விட்டாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் நகரும்போது சொன்னாள்.

"நம்ம வூட்ல படிச்சது ஒருத்தி. அவளும் எலிக்குத்தான் ஒதவுறா."

சாயங்கால போன்

அன்றிலிருந்து அக்கா என் போனை எடுக்கவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் என்ன? தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னால் ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒரு மாத்திரை கிடைக்கும். 'நிக்கல இல்ல?' என்று அவள் கேட்டது காதிலேயே இருந்தது. ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் மாமாவின் நம்பருக்கே போட்டேன்.

"யாரு? எலி டாக்டரா! இன்னாம்மா, அதுங்கல்லாம் சௌக்கியமா? ஒழுங்கா குடிக்குதுங்களா?"

நாக்கு குழறியது. ஆனால் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. மேஸ்திரியைத் திட்டினார், மணல் விலையைத் திட்டினார், நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாததைத் திட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திட்டுகிறார் என்றால் விழித்திருக்கிறார். விழித்திருக்கிறார் என்றால் அக்கா ஒன்றும் கலக்கவில்லை.

மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். அது வழக்கமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்து இருட்டிலிருந்து வெளியே வந்ததும், செருப்பைப் போட்டுக்கொண்டே மாமாவைக் கூப்பிடுவேன். ஒரு குடிகாரர் உளறுவது அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"பேஜாரா கீதும்மா வாழ்க்க," என்றார் ஒருநாள். "எம்போனுக்கு மேஸ்திரிய வுட்டா நீ ஒருத்திதான் போடற."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நாட்களில் நான் அதிகம் பேசியது அவரோடுதான். சமயம் பார்த்து ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பேன். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது மாமா, வலிப்புகூட வரும், டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்பேன். "எனக்கு இன்னா வியாதி?" என்பார். பேச்சு மாறிவிடும்.

ஒரு சாயங்காலம் அக்கா எடுத்தாள்.

"அவரு தூங்குறாரு."

இன்னும் வெளிச்சம்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில் மாமா தூங்கி நான் கேள்விப்பட்டதே இல்லை.

"இந்நேரத்துக்கா? எப்பிடிக்கா தூங்குறாரு?"

"எப்பிடின்னா? மனுஷன் தூங்குற மாதிரி."

"கிட்டப் போய்ப் பாரேன். கூப்ட்டுப் பாரு. ஜல்தியா போக்கா, தட்டி எழுப்பு."

அந்தப் பக்கம் கதவு கிறீச்சிட்டது. பிறகு காலடி. பிறகு, போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. ஒரு குறட்டை வந்தது. நீளமாக, இழுத்துக்கொண்டு. அடுத்தது வருகிறவரை நான் மூச்சு விடவில்லை. வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. பிறகு "ஏ, எவடி அவ, தூங்க வுடாம" என்று மாமாவின் குரல், அதற்குப் பின்னால் இங்கே எழுத முடியாத ஒரு வசவு.

சாலையோரம் ஒரு மைல்கல் இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேட்டுதா?" என்றாள் அக்கா. "கான்கிரீட்டு போட்டாங்க இன்னிக்கி. விடியறதுக்கு முன்னாடி போனாரு. குடிக்கக்கூடத் தெம்பில்லாம வந்து வுழுந்துட்டாரு."

"சரிக்கா."

"நீ எதுக்குத் தெனம் இவருக்குப் போனு போடறன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நான் கேட்டது மருந்துடி. வெஷம் இல்ல."

வைத்துவிட்டாள்.

நான் படித்த படிப்பில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. குடித்தவருக்கு அது மருந்து இல்லை, அவளுக்குத் தெரியாமலே அது விஷமாகியிருக்கும், நான் பயந்ததில் தவறே இல்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அக்கா சொன்னது அதைப் பற்றி இல்லை, நான் அவளைச் சந்தேகப்பட்டதைப் பற்றி.

அக்கா மகள் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் படித்தே பரீட்சை எழுதினாள். 'சித்தி பாஸ்' என்று மெசேஜ் அனுப்பினாள். மார்க் சொல்லவில்லை. அக்கா போன் செய்வாள் என்று அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். என் பெயரை எடுத்தால் அக்கா எழுந்து போய்விடுகிறாள் என்று அம்மா சொன்னாள்.

மாமாவுக்குப் போன் போடுவதை நிறுத்தியிருந்தேன். அவரே ஒருநாள் கூப்பிட்டார்.

"இன்னாம்மா எலி டாக்டரு, மறந்துட்டியா? சாயங்காலமானா போனு வரும்னு பாத்துக்கினே கீறேன்."

"வேலை மாமா."

"எலிக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடையாதா?"

"மாமா, ஆஸ்பத்திரிக்கு எப்ப வர்றீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீ விழுப்புரத்துல வந்து நில்லு. வர்றேன்."

"நெசமாவா மாமா? எந்த நாளு?"

பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. "யாரு அது போன்ல?" என்று அக்காவின் குரல்.

மாமா போனைக் கையால் பொத்தினார். அப்படியும் கேட்டது.

"யாரும் இல்ல," என்றார்.